மாரமங்கலம் பஸ்ஸில் போன லைன்

1

ஊரில் இருந்துகொண்டு என் கட்டுரைகளைப் படிக்கிற உங்களுக்கெல்லாம் என் மேல் ஒரு நம்பிக்கை உண்டு. இத்தனை வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறாளே, வளர்மதி இங்கிலீஷில் பிய்த்து உதறுவாள் என்று. என்னத்தைச் சொல்ல. ஹல் என்கிற இந்த ஊரில், பொழுதன்னிக்கும் கடல்காற்று அடித்துக்கொண்டே இருக்கிற ஊர் இது, எனக்கு வேலை ஒரு சாண்ட்விச் கம்பெனியில். காலையிலிருந்து என் முன்னால் ரொட்டித் துண்டு ஓடும். நான் அதன் மேல் கீரையை வைப்பேன். அதற்கு எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும்? ஒரு வார்த்தை போதும். லைன்.

ரொட்டி ஓடுகிற பட்டை லைன். என்னை மேய்க்கிற அம்மா லைன் மேனேஜர். வீட்டுக்கு வந்தால் துணி காயப்போடுகிற கொடியும் லைன்தான். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஊசி குத்தி டியூப் மாட்டினால் லைன். என் மகள் யாழினி பள்ளிக்கூட நாடகத்தில் பேசுகிற வசனம் லைன். என் நெற்றியில் விழுந்துவிட்ட சுருக்கமும் லைன். ஆனால் பாருங்கள், நாம் ரேஷன் கடையில் நிற்பது மட்டும் இங்கே லைன் இல்லை. வந்த புதிதில் டாக்டர் ஆபீஸில், இதுதான் லைனா என்று ஒரு தாத்தாவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, எந்த லைன் என்று கேட்டார். க்யூ என்று சொல்ல வேண்டுமாம். பிறந்ததிலிருந்து லைனில் நின்றவளுக்கு அன்றைக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

நான் பிறந்ததே லைனில்தான். ஏற்காடு மலையில் கிளியூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளுக்கு லைன் என்று பேர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீடு வரைக்கும் தும்மல். கரண்ட் போனால் லைன்மேன் வர வேண்டும். வயசுப் பையன் பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்றால், லைன் அடிக்கிறான் என்று பேச்சு. தமிழில் கொடி, கம்பி, வரிசை, வசனம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார்த்தை சுளையாக இருக்கிறது. இருந்தும் இந்த ஒற்றை வார்த்தையை நாம் வீட்டுக்குள் விட்டு, பாய் போட்டு உட்கார வைத்துவிட்டோம்.

அதில் எனக்குப் பயமான அர்த்தம் ஒன்றுதான். லைன் கிடைக்கவில்லை என்பது. போன மழைக்காலத்தில் அந்த அர்த்தம் என் உயிரை எடுத்துவிட்டுப் போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், பேச்சு எங்கோ போய்விட்டது.

2

எங்கள் அப்பா பொன்னுசாமி, எஸ்டேட் வேலையை விட்ட பிறகு மாரமங்கலத்தில் இருக்கிறார். ஒரு துண்டு காப்பித் தோட்டம், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, நீலச் சுண்ணாம்பு அடித்த ஓட்டு வீடு. அம்மா போன பிறகு தனியாள். இங்கே வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். நீ வேலைக்குப் போயிருவ, மாப்பிள்ளை போயிருவாரு, பேத்தி இங்கிலீஷ் பேசும், நான் செவுத்துகிட்டயா பேசறது என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். அதனால் எனக்குக் கோபம்.

அவரிடம் இருப்பது பட்டன் போன். தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவி, மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் முன் எனக்கு ஒரு மிஸ்டு கால் விடுவார். ரெண்டு ரிங், கட். எடுக்கக் கூடாது. எடுத்தால் எதுக்கு எடுத்தே என்று திட்டு விழும். அந்த நேரம் எனக்கு இங்கே காலை. கம்பெனி வேனுக்காகக் குளிரில் நின்றுகொண்டிருப்பேன். கோட்டுப் பையில் ரெண்டு தரம் அதிர்ந்து அடங்கும். நல்லாருக்கறேன் என்று அர்த்தம். நானும் நிம்மதியாக வேன் ஏறிவிடுவேன்.

அந்த வாரம் புதன்கிழமை பை அதிரவில்லை. மலையில் பேய்மழை, ஏற்காடு ரோட்டில் மரம் விழுந்துகிடக்கிறது என்று செய்தி வந்தது. நான் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் அழகாகச் சொன்னாள். வியாழன் அன்றும் அவளே சொன்னாள். அன்று சாயங்காலம் யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஒரு பெரிய மரம் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. நீலச் சுவர். கீழே, மாரமங்கலம் பக்கமாம் என்று ஒரு வரி.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சுவரில் ஒரு ஆணி, அதில் ஏதோ தொங்குகிறது. அப்பாவின் சட்டையா, காலண்டரா, தெரியவில்லை. என் வீட்டுக்காரர் குமரேசன், ஹோட்டலில் சமையல் வேலை அவருக்கு, மலையில பாதி ஊடு நீலந்தான், ஒண்ணும் ஆயிருக்காது, தூங்கு என்றார். ஆறுதல் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று நன்றாகவே வந்தது.

யாழினியிடம் வீடியோவைக் காட்டலாமா என்று பார்த்தேன். பதினைந்து வயசு. தமிழ் புரியும், வாயில் வராது. அதற்கு முந்தின வாரம்தான் அவள் போனை எடுத்து யார் யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துவிட்டேன். அவள் சத்தம்கூடப் போடவில்லை. நீங்க லைனைத் தாண்டிட்டீங்க என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அந்த லைன் என்றால் எல்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் உப்பு எங்கே, தண்ணி எங்கே என்பதோடு சரி. மாடிக் கதவு வரைக்கும் போய்த் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் கை நின்றுவிட்டது. கீரை இல்லாத ரொட்டி நாலைந்து தள்ளிப் போய், அடுத்தவள் கத்தி, லைனையே நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். மேனேஜர் அம்மா ஓரமாகக் கூட்டிப்போய் என்னம்மா ஆச்சு என்று தன்மையாகத்தான் கேட்டாள். அப்பா, மழை, மரம், நீலம் என்றெல்லாம் உளறினேன். வார்த்தை சேர்ந்து வரவில்லை. அவள் என் முதுகைத் தடவி ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். அந்த டீயை வைத்துக்கொண்டு அழுதேன்.

3

உதவி எண் என்று செய்தியில் ஓடிய எல்லாவற்றுக்கும் அடித்தேன். ஒன்று மணியடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றில், தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும் என்று சொல்லிவிட்டு வீணை வாசித்தார்கள். கடைசியில் ஒரு ஆள் எடுத்தார். பாவம், தூக்கமில்லாத குரல். கிராமத்தின் பேர், வட்டம், ரேஷன் அட்டை எண் எல்லாம் கேட்டார். ரேஷன் அட்டை அந்த நீலச் சுவருக்குள் இருக்கிறது சார் என்றேன். அவர் ஏதோ பேப்பரைப் புரட்டினார். பிறகு, சேதாரப் பட்டியல் இன்னும் வரலைம்மா, வந்தா சொல்றோம் என்றார். பட்டியல் வரவில்லை என்றால் நல்லதா கெட்டதா? அதை யோசித்தே பாதி உயிர் போய்விட்டது.

சனிக்கிழமை காலை ஒண்டிக்கடை முருகேசண்ணன் நினைவு வந்தது. ஏன் முதல் நாளே வரவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். முருகேசண்ணனுக்கு ஏற்காடு டவுனில் ஒண்டிக்கடை முக்கில் ரீசார்ஜ் கடை. அப்பாவின் பிரஷர் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி, மாரமங்கலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறவர் அவர்தான். எங்கள் மலையில் அதுதான் வழக்கம். மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, கோழித் தீவனம், மூக்குக்கண்ணாடி, எதுவானாலும் பஸ்ஸில் கொடுத்துவிடுவோம். கண்டக்டர் படியில் நின்று பேரைச் சொல்லிக் கத்துவார். ஆள் வந்து வாங்கிக்கொள்ளும். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆள்.

விடாமல் அடித்ததில் லைன் கிடைத்துவிட்டது. அண்ணா, அப்பா என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார். டவுனுக்குக் கரண்ட் வந்துவிட்டதாம், மலைக்குள் கம்பமெல்லாம் சாய்ந்துகிடக்கிறதாம். மாரமங்கலத்தில் பள்ளிக்கூட மேட்டில் மட்டும் டவர் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் ஊரே சார்ஜ் இல்லாமல் கிடக்கிறதாம். மூன்று நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் மத்தியான பஸ் உள்ளே போகிறது. அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி கண்டக்டரிடம் சொல்லுங்கண்ணா என்று கெஞ்சினேன்.

"பாத்துட்டு வந்து சொல்றது எதுக்குங்க? போனையே குடுத்தனுப்பறேன், நீங்களே பேசிக்கோங்க. லைனை மட்டும் கட் பண்ணிராதீங்க. மறுக்கா கெடைக்காது."

இப்படி ஒரு யோசனை எங்கள் மலை ஆளுக்குத்தான் வரும். பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே ஸ்பீக்கரில் போட்டு, அப்பாவின் மாத்திரையோடு மஞ்சப்பையில் வைத்து, பையை முடிச்சுப் போட்டுக் கண்டக்டரிடம் நீட்டிவிட்டார். ஏனுங்க தம்பி, இதுல இங்கிலாந்து இருக்குது, மேல எதையும் வெச்சிராதீங்க என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. போனுக்கு லாக் உண்டு, அதைத் திறக்கிற வழியை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

4

அப்புறம் என் சமையலறையில் மாரமங்கலம் பஸ் ஓட ஆரம்பித்தது.

விசில். இன்ஜின் உறுமல். முன்னாடி போங்க, முன்னாடி போங்க என்று கண்டக்டர். ஒரு அம்மா ஜன்னலோரம் வேண்டும் என்று இன்னொரு அம்மாவோடு சண்டை. நான் போனை ரொட்டி டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு, அதன் முன்னால் நின்றேன். சார்ஜர் ஒயரைச் சொருகி, அது கழன்றுவிடுமோ என்று கையால் பிடித்துக்கொண்டே நின்றேன்.

யாழினி இறங்கி வந்தாள். என்ன சத்தம் என்று கேட்டாள். பஸ் என்றேன். எந்த பஸ்? அப்பிச்சி ஊர் பஸ் என்றேன். சின்ன வயதில் ஒரே ஒரு தரம் அதில் போய் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தவள் அவள். அவள் அப்பிச்சி, எங்கள் அப்பா, சட்டையைக் கழற்றி மடியில் விரித்தார், அதிலேயும் எடுத்தாள். அது நினைவிருக்கிறதா இல்லையா தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லைனை விடாமல் அதே போனில் வீடியோவைக் காட்டினேன். பார்த்தாள். வீடியோவை மூடி, போனைப் பழையபடி டப்பா மேல் சாய்த்து வைத்தாள்.

ஒரு இடத்தில் பஸ் நின்றது. மரம் அறுக்கிற ரம்பச் சத்தம். மழை தகரத்தில் விழுகிற சத்தம். பேச்சு ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி வந்தது. பாக்கு மரம் முறிஞ்சுது, மாடு செத்துச்சு என்று யாரோ. அதற்கு நடுவில் ஒரு ஆள், பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், தெளிவாகச் சொன்னார்.

"மாரமங்கலத்துல ஒரு பெரியவருங்க. ஊட்டு மேல மரம் உழுந்துருச்சாம்."

போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். எந்தப் பெரியவருங்க என்று கேட்டேன். கத்தினேன். பேர் என்னங்க, ஆள் இருக்காரா என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில், முடிச்சுப் போட்ட பைக்குள்ளிருந்து யாருக்குக் கேட்கும்? அந்த ஆள் அடுத்து வாழை விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அவர்கள் பேசுவதெல்லாம் என் காதுக்கு வருகிறது, நான் கேட்பது ஒரு முழம் தள்ளி இருக்கிறவருக்குப் போகவில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிழைப்பு இதுதான் என்று உங்களுக்கு எத்தனையோ கட்டுரையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கே விளங்கியது.

யாழினி என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். லைன் இருக்கும்மா, இன்னும் இருக்கு என்று இங்கிலீஷில் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பஸ் மறுபடி கிளம்பியது. வளைவுக்கு வளைவு சத்தம் கரகரக்கும், விட்டு விட்டு வரும், நாங்கள் ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்ப்போம். அந்த ஒரு மணி நேரத்தில் வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் எங்கள் மலைச் சாமி சேர்வராயனிடம், ஆளை மட்டும் கொடு, வீடு போனால் போகட்டும் என்று பேரம் பேசினேன்.

5

பஸ் நின்றது. பள்ளிக்கூட மேடு என்று யாரோ சொன்னார்கள். கண்டக்டர் படியில் நின்று கத்துவது கேட்டது.

பொன்னுசாமி அய்யா, பொன்னுசாமி அய்யாவுக்கு ஒரு பை.

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இங்கதான இருந்தாரு என்றது ஒரு பெண் குரல். இருந்தாரு என்றால், இப்போது இல்லையா? யாழினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்போது தூரத்தில் ஒரு இருமல். பீடியை விடு, விடு என்று இருபது வருஷம் நான் சண்டை போட்ட அதே இருமல். பை அவிழ்கிற சரசரப்பு. பிறகு அவர் குரல், காதுக்குள்.

"வளரு? நல்லதாப் போச்சு. லைன்ல இரு கண்ணு, கட் பண்ணிராத."

அவ்வளவுதான். அப்பா, அப்பா என்கிறேன், ஆள் அங்கே இல்லை. இந்தா செல்லம்மா, நீ மொதல்ல பேசு, உம் பையன் திருப்பூருல என்ன பாடு படறானோ என்று தள்ளிப் போய்ப் பேசுவது கேட்கிறது. வேறு எங்கும் அடிக்க முடியாதபடி போன் லாக் ஆகியிருந்தது. திறந்திருப்பது நான் மட்டும். கட் பண்ணிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. செய்தியை எம் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, அவ உங்க புள்ளைங்களுக்குச் சொல்லிருவா என்று அவரே முடிவு பண்ணிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செல்லம்மா மகனின் நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தார். நான் என்ன செய்வது, என் போன் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. யாழினி பேசாமல் தன் போனை எடுத்தாள். நான் தொடக் கூடாத அந்தப் போன். நம்பரைக் கேட்டுக் கேட்டு அழுத்தினாள்.

திருப்பூர்ப் பையன், வெளிநாட்டு நம்பரைப் பார்த்து லாட்டரிக் களவாணி என்று நினைத்துக் கட் பண்ணிவிட்டான். மறுபடி அடித்தாள். எடுத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று என்னைப் பார்த்தாள். உங்க அம்மா நல்லாருக்காங்களாம் என்று சொல் என்றேன்.

"உங்க அம்மா... நல்லாருக்காங்களாம்," என்றாள் யாழினி. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை வாய்விட்டு அழுகிற சத்தம் இந்தச் சமையலறையில் கேட்டது. அவள் கண் விரிந்துவிட்டது.

அடுத்து ஒரு பெரியவர், மகள் பெங்களூரில். அதற்கடுத்து புதுசாகக் கல்யாணமான பெண், புருஷன் கேரளாவில் லாரி. நாங்கள் பார்க்காமலே தெரிந்தது, அங்கே ஊரே லைனில் நின்றது. இங்கே நான் நம்பரை வாங்கிச் சொல்ல, அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். உங்க அப்பா நல்லாருக்காங்களாம். உங்க சம்சாரம் நல்லாருக்காங்களாம். சம்சாரம் என்றால் என்ன என்று நடுவில் கேட்டுக்கொண்டாள். ஒரு நம்பர் மட்டும் கடைசி வரை எடுக்கவில்லை. அதற்குக் குரல் பதிந்து அனுப்பினாள். அது யாருடைய பிள்ளை, கேட்டதா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒவ்வொருவரிடமும் அப்பாவைக் கேட்டேன். போனைக் கொடுங்கள் அவரிடம் என்றேன். அவரு கடேசில நிக்கறாருங்க என்றார்கள். ஒரு அம்மா மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்கப்பாரு ஊடு போச்சு கண்ணு. சொல்லாதேன்னாரு. ஆளு பள்ளிக்கூடத்துல படுத்துக்கறாரு, நொம்ப நல்லாருக்கறாரு."

அப்படியென்றால் அந்த நீலச் சுவர் எங்களுடையதுதான். ஆணியில் தொங்கியது சட்டையா காலண்டரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பஸ்ஸில் ஹாரன்; போன் அதிலேயே திரும்பிப் போக வேண்டும். இருட்டறதுக்குள்ள ரோட்டைத் தாண்டோணும் என்று டிரைவர் கத்தினார். இன்னும் ரெண்டு பேருங்க என்று யாரோ கெஞ்சினார்கள். ஒரு பையன் அவசர அவசரமாக அண்ணன் நம்பரைச் சொன்னான். யாழினி அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த இருமல் பக்கத்தில் வந்தது. ரொம்பப் பக்கத்தில். இதோ வந்துவிட்டார், இதோ என்று நான் எழுந்து நின்றேன். இன்னொரு ஹாரன்.

கட்.

திரை கறுத்துவிட்டது. மறுபடி அடித்தேன். மறுபடியும். அதே அழகான பெண், தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்றாள். ஊர் முழுக்கப் பேச வைத்துவிட்டு, எனக்கு மட்டும் அதே மிஸ்டு காலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நடுவில் நின்றேன்.

யாழினி அந்தப் பையனின் அண்ணனிடம் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். தன் போனை மேஜையில் வைத்துவிட்டு வந்து, என் எதிரே நின்று, மற்றவர்களுக்குச் சொன்ன மாதிரியே ஒவ்வொரு எழுத்தாக எனக்கும் சொன்னாள்.

"உங்க அப்பா நல்லாருக்காங்களாம்."